அகஸ்டாவின் 12-ஆவது குழியில் கொடியைக் குறிவைக்கலாமா?

அமெரிக்காவின் அகஸ்டா நேஷனல் கோல்ஃப் மைதானத்தின் 12-ஆவது குழி வெறும் 155 கெஜத் தொலைவுதான் என்பதால் குழியைக் காட்டும் கொடியை நேராகக் குறிவைத்து ஆடலாம் என்னும் ஒரு கட்டுரையாளரின் கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. அங்குள்ள கிரீன், அதாவது குழியைச் சுற்றியுள்ள குறும்புல் தளம், ஆட்டக்காரருக்கு நேரெதிராக அமையாமல், வலப்பக்கம் செல்லச் செல்ல அவரை விட்டு விலகிச் சாய்வாகக் கிடக்கிறது. ஆகவே வலக்கை ஆட்டக்காரர் பந்தைச் சற்றே வலப்புறம் தவறவிட்டால், அது பெரும்பாலும் தூரத்திலும் குறைந்து ரேஸ் கிரீக் ஓடையில் விழுந்துவிடுகிறது. அங்கு ஆண்டுதோறும் நடக்கும் மாஸ்டர்ஸ் போட்டியின் இறுதி நாளில் கொடி வழக்கமாக நடப்படுவதும் அந்த வலப்பக்கத்தில்தான். மரங்களுக்கிடையே சுழலும் காற்றைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை.

2016 மாஸ்டர்ஸில் ஜோர்டன் ஸ்பீத் இங்கே இருமுறை பந்தை நீரில் இழந்து, இந்த ஒரு குழியை முடிக்க 7 அடிகள் எடுத்தார். 2019-இல் முன்னிலையில் இருந்த பிரான்செஸ்கோ மொலினாரியின் பந்தும் டோனி ஃபினாவின் பந்தும் ஓடைக்குப் போக, அவர்களுடன் ஆடிய டைகர் வுட்ஸ் கொடியைப் பொருட்படுத்தாமல் கிரீனின் இடப்பகுதிக்கு அடித்து, இக்குழிக்கு வகுக்கப்பட்ட மூன்று அடிகளிலேயே (பார்) முடித்தார். அந்த நிதானத்தை நான் மிகவும் மதிக்கிறேன். முன்புற மணற்குழிக்கு மேலாக, தூரம் குறையாத கிளப்பை (மட்டையை) தேர்ந்து அடிப்பதே இங்கு சரியான உத்தி. பந்து நீண்டுவிட்டால் பின்புற மணற்குழியிலிருந்து நீரை நோக்கி ஆட நேரும் என்றாலும், நீரில் விழுந்தால் கணக்கில் சேரும் தண்டனை அடி அங்கே கிடையாது.