அகலமான மைதானமே கடினமான மைதானம்

கோல்ஃப் மைதானத்தைக் கடினமாக்க நீளத்தைக் கூட்டு, ஃபேர்வேயை (பந்து அடித்துச் செல்ல வெட்டிவிட்ட புல்பாதையை) குறுக்கு, ஓரப்புல்லை உயர வளரவிடு. போட்டி நடத்துபவர்கள் பலர் இதைத்தான் செய்கிறார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரத்து ‘ஓல்டு கோர்ஸ்’ என்ற பழைய மைதானத்தில் நடந்த ஓப்பன் என்னும் பெரும் கோல்ஃப் போட்டிகளைப் பார்க்கப் பார்க்க என் எதிர்ப்பு வலுக்கவே செய்கிறது.

அது ஒருவர் காகிதத்தில் வரைந்து கட்டியது அல்ல. கடலோர மணல்நிலமும் காற்றும் மேய்ந்த ஆடுகளும் பல நூற்றாண்டு ஆட்டமும் சேர்ந்து உருவாக்கியது. 22 குழிகளாக இருந்த சுற்று 1764இல் 18 ஆனது; இன்று உலகமே 18 ஆடுகிறது. பதினான்கு குழிகள் ஏழு பெரிய கிரீன்களை (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரைகளை)ப் பகிர்ந்துகொள்கின்றன. ஒரே கிரீனைப் பகிரும் இரு குழிகளின் எண்களைக் கூட்டினால் எப்போதும் 18!

ஃபேர்வேக்கள் தாராளமானவை. இடப்பக்கம் அடித்தால் பெரும்பாலும் பந்து பத்திரமாகக் கிடக்கும். ஆனால் அங்கிருந்து கொடியைப் பார்த்தால் நடுவே ஒரு பங்கர், அதாவது மணற்பள்ளம், நிற்கும். நல்ல கோணம் வேண்டுமானால் வலப்பக்க முட்புதர்களை ஒட்டி அடிக்கத் துணிய வேண்டும். காற்று மாறினால் அந்தக் கணக்கும் மாறிவிடும். குறுகலான மைதானம் ஆட்டக்காரருக்கு உத்தரவு போடுகிறது. இந்த அகலமான மைதானம் அவரிடம் கேள்வி கேட்கிறது.

2000இல் டைகர் வுட்ஸ் நான்கு சுற்றுகளிலும் ஒரு பங்கரில்கூட விழாமல் வென்றார். மைதானத்தில் இருக்கும் பங்கர்கள் 112. அதைப் பலர் அவருடைய பலமாகப் பேசுகிறார்கள். நான் அதை அவருடைய நிதானமாகப் பார்க்கிறேன்.

பதினேழாவது குழிதான் எனக்கு உச்சம். முதல் அடி ஹோட்டல் வளாகத்தின் மூலைக்கு மேலே பறக்க வேண்டும். கிரீன் ஒடுங்கியது, சாய்வாகக் கிடப்பது. முன்னால் ஆழமான பங்கர். பின்னால் தார்ச்சாலை, அதற்கப்பால் கற்சுவர். 1978 ஓப்பனில் ஜப்பானிய வீரர் நகாஜிமா கிரீனுக்கு வந்துவிட்ட பிறகு, அவர் பட்டரால் (பந்தை உருட்டும் மட்டையால்) தட்டிய பந்தே உருண்டு அந்தப் பங்கருக்குள் போனது. அந்தக் குழியில் அவருக்கு ஒன்பது அடிகள். 2022 ஓப்பனில் ஆஸ்திரேலிய வீரர் கேமரன் ஸ்மித்துக்கும் கொடிக்கும் நடுவே அதே பங்கர். அவர் பந்தைத் தூக்கி அடிக்கவில்லை. பட்டரை எடுத்து, பங்கரின் விளிம்பைச் சுற்றி உருட்டிக் கிரீனுக்குக் கொண்டுவந்தார், பாரை (குழிக்கு வகுத்த அடிகளின் எண்ணிக்கையை) காப்பாற்றினார், ஓர் அடி வித்தியாசத்தில் பட்டமும் வென்றார். இப்படி யோசிக்க வைப்பதைத்தான் நான் வடிவமைப்பு என்பேன்.

அமெரிக்க வீரர் பாபி ஜோன்ஸ் 1921இல் இங்கே பதினோராவது குழியின் பங்கரில் தவித்துச் சுற்றைக் கைவிட்டவர். 1927இல் இங்கேயே ஓப்பன் வென்றார். பின்னர் மைதான வடிவமைப்பாளர் அலிஸ்டர் மெக்கென்சியுடன் அமெரிக்காவின் அகஸ்டா மைதானத்தை அமைத்தபோது அவர்கள் மனத்தில் இருந்தது இந்த மைதானமே.

ஸ்மித் வென்றது பாருக்கு 20 கீழே; அப்படியானால் மைதானம் எளிதாகிவிட்டதே என்று கேட்பார்கள். பந்து அதிகத் தூரம் பறக்கிறது, அதுதான் காரணம். 2010 ஓப்பனுக்காகப் பதினேழாவது குழியின் டீயை (முதல் அடி அடிக்கும் இடத்தை) பின்னுக்குத் தள்ளி, 455 கஜத்தை 495 ஆக்கினார்கள். பந்தை மாற்றாமல் நிலத்தை மாற்றியது தவறு. பந்தின் தூரத்தைக் கட்டுப்படுத்த 2023இல் கோல்ஃப் விதிகளை வகுக்கும் ஆர் அண்ட் ஏ அமைப்பும் அமெரிக்க கோல்ஃப் சங்கமும் எடுத்த முடிவை மனமார வரவேற்கிறேன். அது நடைமுறைக்கு வரும்போது அந்த டீயைப் பழைய 455 கஜத்துக்கே கொண்டுவர வேண்டும்.