நினைவகம் கொழுந்துச் சாக்கு அல்ல

சனிக்கிழமை மலையகத்து அட்டன் கணினிப் பயிலரங்கில் நடந்ததைப் பலரும் காணொளியில் பார்த்துவிட்டீர்கள். "நினைவகம் கொழுந்துச் சாக்கு மாதிரி, கொட்டினால் இடம் வரும்" என்று சொல்லி, லினக்ஸ் கணினியில் தேக்கத்தை, அதாவது வாசித்த கோப்புகளின் நினைவகப் பிரதிகளை, துடைக்கும் கட்டளையை மணிக்கொரு முறை ஓட வைத்தார் வளவாளர். கைதட்டலும் வாங்கினார். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை.

காலியாக இருப்பது வேறு, கொடுக்கக்கூடியது வேறு. அந்த 4 ஜிகாபைட் மடிக்கணினியின் நினைவகக் கணக்கில் காலி என்ற இடத்தில் 180 மெகாபைட்தான் இருந்தது, உண்மை. அதே வரியின் கடைசியில் கொடுக்கக்கூடியது 2,600 என்று இருந்ததை அவர் காட்டவே இல்லை. ஒருமுறை வாசித்த கோப்புகளைக் கர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப்பகுதி, நினைவகத்தில் வைத்திருக்கிறது. வேறு நிரல் இடம் கேட்டால் அவற்றை விட்டுக்கொடுக்கிறது.

"துடைத்ததும் காலி எண் கூடியதே, அப்புறம் என்ன?" என்பீர்கள். கூடியது. இடைவேளையில் ஒரு மாணவி தன் பாடக் கோப்பைத் திறந்தாள். காலையில் உடனே திறந்த அதே கோப்புக்கு இப்போது பழைய வன்தட்டு கரகரவென்று சுழன்றது, திரை அசையாமல் நின்றது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். வேக அளவீடு செய்கிறவர் அந்தக் கட்டளையைப் பயன்படுத்தட்டும், அதில் தவறில்லை. பிள்ளைகளுக்கு எதற்கு?

நினைவகம் சாக்கு அல்ல, லயம்: தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடு. 4 கிலோபைட் கொண்ட ஒரு பக்கம் அதில் ஒரு காம்பரா, ஓர் அறை. அந்த மடிக்கணினியில் பத்து இலட்சத்துக்கு மேல் காம்பராக்கள். ஒவ்வொன்றுக்கும் கர்னல் 64 பைட்டில் ஒரு பதிவு வைத்திருக்கிறது, அதற்கே 64 மெகாபைட் போகிறது. காலிக் காம்பராக்களை ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு என்று 1,024 வரை சேர்த்து அடுக்குகிறது. அதிலும் ஒட்டியிருப்பதெல்லாம் சேராது. ஒன்றும் இரண்டும் சோடி, மூன்றும் நான்கும் சோடி. இரண்டும் மூன்றும் காலியாகக் கிடந்தாலும் அவை ஒரு தொகுதி ஆகாது. 2022 ஜனவரியில் வந்த லினக்ஸ் கர்னலின் 5.16ஆம் பதிப்பில் ஃபோலியோ என்ற ஏற்பாடு சேர்ந்ததும் இதே தேவைக்குத்தான்: ஒன்றாக இருக்கும் பக்கங்களை ஒன்றாகவே கையாள வேண்டும்.

எனக்கு இது புத்தகத்தில் புரியவில்லை, எங்கள் லயத்தில் புரிந்தது. சித்தப்பாவின் கல்யாணத்துக்குப் பிறகு எங்களுக்குப் பக்கத்துக் காம்பரா தேவைப்பட்டது. லயத்தில் மூன்று காம்பரா காலி, மூன்றும் மூன்று மூலையில். அம்மா ஒரு வருடம் அடுப்படியில் படுத்தார். கர்னலாக இருந்தால் குடியிருப்பவரை நகர்த்தி இடத்தைச் சேர்த்திருக்கும், நகர்ந்தவரின் முகவரியும் மாறாது. பக்கம் எங்கே போனாலும் நிரலுக்குத் தெரிந்த முகவரி அதேதான். எங்களுக்கு முகவரியே இருக்கவில்லை. கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வரும், பிரித்த உறையோடு கைக்குக் கிடைக்கும்.

"மேடை கிடைக்காத பொறாமை" என்று ஒருவர் எழுதியிருந்தார். பதில் இல்லை.

"தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கர்னல் எதற்கு, வேலைக்கு உதவுவதைச் சொல்லிக்கொடு" என்றவருக்குத்தான் பதில். கொழும்பில் இதே வயதுப் பிள்ளைக்கு இப்படிச் சொல்வீர்களா? காரணம் சொல்லாமல் கட்டளையை மட்டும் கையில் கொடுப்பதைக் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் பரம்பரையாகப் பார்த்தவர்கள் நாங்கள். காலி வேறு, கொடுக்கக்கூடியது வேறு என்று விளங்கிக்கொள்ள அந்தப் பிள்ளைகளால் முடியும். முடியாது என்று நினைத்தது நீங்கள்தான்.

அந்த மாணவியின் கணினியிலிருந்து கட்டளையை நேற்று நீக்கிவிட்டேன். காலித் தொகுதிகளின் கணக்கையும் திறந்து காட்டினேன், ஒன்று முதல் 1,024 வரை ஒவ்வோர் அளவுக்கும் ஒன்றாகப் பதினொரு எண்கள். கடைசி மூன்றும் ஏன் பூச்சியம் என்று கேட்டாள். தாளில் ஒரு லயம் வரைந்து கொடுத்தேன். எந்தெந்தக் காம்பராக்கள் சேரும் என்று அவளே கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.