நாய்க்குச் சுபாவம், பொடியனுக்கு வளர்ப்போ?

ஞாயிற்றுக்கிழமை நடந்தது எல்லோருக்கும் தெரியும், காணொளியும் பார்த்திருப்பீர்கள். எங்கள் ஒழுங்கையில் ஒரு அல்சேசன் நாய் பேப்பர் போடும் பொடியனைக் கடித்தது. கெண்டைக்காலில் நாலு பல். சரி. என் ஆத்திரம் நாயில் இல்லை, காணொளிக்குக் கீழே வந்து விழுந்த கருத்துகளில்தான்.

"அல்சேசன் எண்டால் அப்பிடித்தான், காவல் அதின்ரை இரத்தம்" என்று ஒருவர். அதற்குக் கீழேயே இன்னொருவர்: "படலை திறந்து கிடந்தால் உள்ளை போறதோ? வளர்ப்புச் சரியில்லை." இரண்டுக்கும் விருப்பம் போட்டதில் பாதிப்பேர் அதே ஆட்கள். கடித்த நாய்க்குப் பிறவிக் குணமாம், மன்னிக்க வேண்டுமாம். கடிபட்ட பிள்ளைக்கு வளர்ப்புப் பிழையாம். பேப்பர் மழைக்கு நனையும், விறாந்தையில் வை என்று அவனிடம் சொன்னது யார் என்று அந்த ஒழுங்கையில் கேட்டுப் பாருங்கள்.

இரத்தம், இரத்தம் என்கிறீர்கள். 2022 இல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஆய்வில் 18,000க்கு மேற்பட்ட நாய்களைப் பற்றி வளர்ப்பவர்களிடம் கேட்டிருக்கிறார்கள். நாய்க்கு நாய் நடத்தை வேறுபடுவதில் இனத்தால் வருவது ஏறத்தாழ 9 வீதம்தான்.

"அப்ப பிறப்பிலை ஒண்டுமே இல்லையோ?" என்று வருவீர்கள். இருக்கிறது, நான் இல்லையென்று சொன்னேனா? 1959 இல் தொடங்கி, சைபீரியாவில் பெல்யாயெவ் என்ற விஞ்ஞானி சாதுவான நரிகளையே தெரிந்து இணை சேர்த்து, சில தலைமுறைகளில் மனிதரைக் கண்டு வாலாட்டும் நரிகளைப் பெற்றார். அது தலைமுறைக் கணக்கு. உங்கள் கதை ஒரு நாயின் கதை. குட்டிக்கு மூன்றாவது கிழமையிலிருந்து மூன்று மாதம் வரைக்கும்தான் மனிதர்களைப் பழகும் முக்கியமான காலம். அந்தக் காலம் முழுக்க இந்த நாய் கிணற்றடியில் சங்கிலியில் நின்றது. தினமும் அந்த வழியால் போகிறவன் நான். சங்கிலி எட்டும் தூரத்துக்கு வட்டமாகப் புல் செத்திருந்தது. "காவல் நாய் நாலு பேரைக் காணக்கூடாது" என்று பெருமையாக வேறு சொன்னார்கள். இதில் இரத்தம் எங்கே வந்தது?

வாள்வெட்டுக் காலத்தில் காவலுக்கு நாய் வேண்டாமோ என்றால், வேண்டும். குரைக்க.

"நீ நாய் வளர்த்தனியோ?" வளர்த்தோம். வீமன், வெறும் ஊர்நாய். 95 ஒக்டோபர் 30 இரவு, போருக்குப் பயந்து யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது, அவன் சங்கிலியைக் கழற்றிவிட்டுச் சாவகச்சேரிக்கு நடந்தோம். அடுத்த வருடம் திரும்பி வந்தபோது இடிந்த குசினிக்குள் நின்று அப்பாவைப் பார்த்து உறுமினான். அம்மம்மா மட்டும் படியில் குந்தியிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். பொழுதுபட்ட பிறகு வந்து அவர் சேலையில் முகத்தை வைத்தான். இதில் எது பிறப்பு, எது வளர்ப்பு, எது பசி? எனக்கு இன்றைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியாது. உங்களுக்கு மட்டும் ஒரு காணொளியில் தெரிந்துவிட்டது.

இடம்பெயர்ந்து இருந்த அந்த ஆறு மாதமும் எங்களையும் "இடம்பெயர்ந்ததுகள், கை நீளமாயிருக்கும்" என்றார்கள். நாங்கள் ஒரு கிணற்றில் வாளி விடக் காத்து நின்ற பிள்ளைகள்.

அதனால்தான் "குலத்தளவே ஆகும் குணம்" என்று ஒரு படித்த மனிதர் பதிவிட்டதைக் கண்டபோது கை நடுங்கியது. நாய்க்குச் சொன்னேன் என்கிறார். இல்லை ஐயா, யாருக்குச் சொன்னீர்கள் என்று யாழ்ப்பாணத்தில் பிறந்த எவருக்கும் விளங்கும். ஔவையாரின் மூதுரையில் அதே வெண்பாவில்தானே "தான்கற்ற நூலளவே ஆகுமாம் நுண்ணறிவு" என்றும் இருக்கிறது. அந்த அடி உங்களுக்குப் பாடமில்லையாக்கும். நாய்க்கு ஊசி போட்ட அட்டை இருக்கிறதா என்று ஒருவர், ஒரே ஒருவர், கேட்டீர்களா?

பொடியன் நேற்றும் ஆஸ்பத்திரிக்கு ஊசிக்குப் போனான். அதற்கு முன், விடிய ஐந்தரைக்கு, எங்கள் வீட்டுக்குப் பேப்பர் கொண்டுவந்தான். படலைக்கு வெளியே நின்று மணியடித்தான். உள்ளே வா தம்பி என்று இரண்டு தரம் கூப்பிட்டேன். நான் போய் வாங்கும்வரை காலெடுத்து வைக்கவில்லை. எங்கள் வீட்டில் நாயே இல்லை.