பர்ச்சேஸ் ஆபீசை மூடிவிட்டால் பாதி பட்ஜெட் மிச்சமாம்

அந்த வீடியோவை நானும் பார்த்தேன். வெள்ளிக்கிழமை ராத்திரியிலிருந்து இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பன் தமிழ் வாட்ஸாப் குழுக்கள் எல்லாவற்றிலும் அதுதான் சுற்றுகிறது. எங்கள் பல்கலைக்கழகத்தின் பட்ஜெட் கூட்டத்தில் பேராசிரியர் அண்ணன் மைக்கைப் பிடித்து, "பர்ச்சேஸ் ஆபீசை மூடிட்டு ஆளுக்கொரு கிரெடிட் கார்டு கொடுங்க, பாதி பட்ஜெட் மிச்சம்" என்ற அர்த்தத்தில் சொல்கிறார். அரங்கமே கை தட்டுகிறது. மூன்றாவது வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கும் பச்சைச் சுரிதார் நான்தான்.

கோபம் இல்லை என்றால் பொய். ஆனாலும் நிதானமாகவே எழுதப் பார்க்கிறேன். காரைக்குடியிலிருந்து கல்யாணமாகி வந்து, இந்த ஊர்ப் பல்கலைக்கழகம் ஒன்றின் கொள்முதல் பிரிவில் பதினாலு வருஷம் ஓட்டியிருக்கிறேன். இத்தனை வருஷமும் நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றே ஒன்று: எங்களைக் கடைசியில் கூப்பிடாதீர்கள், முதலில் கூப்பிடுங்கள். எதை வாங்குவது, யாரிடம், எத்தனை வருஷ ஒப்பந்தம் என்று எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டு, கடைசியில் முத்திரை குத்த மட்டும் கூப்பிட்டால் நாங்கள் முத்திரைதான் குத்துவோம். அப்புறம் "இவங்க முத்திரை குத்த மட்டும்தான் லாயக்கு" என்றும் நீங்களே சொல்வீர்கள்.

பணம் இல்லை என்பது நிஜம். 2015இல் கட்டண உயர்வை எதிர்த்த மாணவர் போராட்டம் நினைவிருக்கும். 2016க்குக் கட்டண உயர்வு பூஜ்யம் என்று அரசாங்கம் அறிவித்தது. பிள்ளைகள் கேட்டதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் அந்த வருஷம் ரசாயனக் கம்பெனியோ லிஃப்ட் கம்பெனியோ எங்களுக்குப் பூஜ்ய உயர்வு தரவில்லை. 2011இல் ஒரு டாலர் 7, 8 ராண்ட். 2023இல் 18, 19. ஆய்விதழ்ச் சந்தா டாலரில், கருவி யூரோவில், வரவு மட்டும் ராண்டில். கட்டணத்தை இஷ்டத்துக்குக் கூட்ட முடியாது, சம்பளத்தில் கை வைத்தால் வேலைநிறுத்தம். பிறகு மிச்சம் இருப்பது வாங்கும் செலவுதானே? அதைப் பார்த்துக்கொள்கிறவர்களை முதலில் வீட்டுக்கு அனுப்புவது என்ன கணக்கு?

ஒரு ஃப்ரீசர் கதை சொல்கிறேன். ஆய்வக மாதிரிகளை உறைய வைக்கிற மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர். எங்களுக்கு நிதியாண்டு டிசம்பரில் முடிகிறது. அதனால் நவம்பர் வந்தால் எல்லோருக்கும் ஜுரம் பிடித்துவிடும், "பணம் போயிடும், பணம் போயிடும்" என்று. அப்படி ஒரு நவம்பரில், கருவியை அவர்களே தேர்ந்தெடுத்து, கம்பெனியோடு அவர்களே பேசி முடித்து, எங்களிடம் பி.ஓ. (கொள்முதல் ஆணை) போட மட்டும் வந்தார்கள். போட்டோம். பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு லாரி வந்தது. பெட்டியைப் பிரித்து மூன்றாவது மாடி வரை தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். ஆய்வகக் கதவு நாலு விரல்கடை போதவில்லை. கதவுச் சட்டத்தை எடுக்க கட்டடப் பிரிவின் அனுமதி வேண்டும். அது கிடைத்த பிறகு பார்த்தால், அந்த அறைக்கு ஜெனரேட்டர் லைனே இல்லை. 2023இல் கரண்ட் எப்படிப் போய்ப் போய் வந்தது என்று உங்களுக்கே தெரியும். ஜெனரேட்டர் லைன் இல்லாத இடத்தில் மைனஸ் 80 ஃப்ரீசர் என்பது விலை உயர்ந்த அலமாரி. பதினோரு மாதம் அது நடைபாதையில் நின்றது. அதன் தலையில் குடை வைத்தார்கள். ஆடிக் கூழ் ஊற்றுகிற நோட்டீஸைக்கூட யாரோ அதில் ஒட்டியிருந்தார்கள், நம்ம ஆள்தான். உத்தரவாதம் பன்னிரண்டு மாதம், அதில் பதினொன்று நடைபாதையிலேயே போயிற்று.

யாருடைய ஃப்ரீசர் என்று சொல்லமாட்டேன். வெள்ளிக்கிழமை கை தட்டியவர்களில் ஒருவருடையது.

எங்களை முதலில் கூப்பிட்டிருந்தால் நாங்கள் பெரிய மேதாவித்தனம் எதுவும் காட்டியிருக்க மாட்டோம். கதவு எத்தனை அகலம், எந்த பிளக், யார் சர்வீஸ், உதிரிபாகம் டர்பனில் இருக்கிறதா, பத்து வருஷம் கழித்து யார் எடுத்துப் போவார்கள் என்று ஐந்து கேள்வி கேட்டிருப்போம். அந்தக் கேள்விகளுக்குத்தான் "முட்டுக்கட்டை" என்று பெயர் வைத்திருக்கிறீர்கள்.

"இலவச" மெஷின் கதை இன்னும் ஜோர். பரிசோதனைக் கருவியைச் சும்மா தருகிறோம், ஐந்து வருஷம் ரசாயனத்தை எங்களிடமே வாங்குங்கள் என்பார்கள். நம் ஆட்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு, "பார், பைசா செலவில்லாமல் கொண்டுவந்தேன்" என்று பெருமையாக மெயில் அனுப்புவார்கள். அந்த மெஷினின் விலையை ரசாயன பில்லில் மாதாமாதம் பார்க்கிறவள் நான்.

என் மாமியார் டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்தவர், பள்ளிக்கூடம் தாண்டாதவர். தைப்பூசக் காவடிக்கு எங்கள் கோயில் அன்னதானப் பொறுப்பு அத்தைக்குத்தான். முன்பெல்லாம் அரிசி ஒரு குடும்பம், பருப்பு ஒரு குடும்பம், எண்ணெய் இன்னொரு குடும்பம் என்று தனித்தனியே பாக்கி (பிக்கப்) வண்டி எடுத்துக்கொண்டு போய் அதே கடையில் சில்லறை விலைக்கு வாங்கி வருவார்களாம். அத்தை வந்த முதல் வருஷமே ஒரு பள்ளிக்கூட நோட்டில் மொத்தத்தையும் எழுதி, மூன்று கடைக்குப் போன் போட்டார். விலை இறங்கியது, லாரியும் கடைக்காரர் செலவு. காய்கறிக்கு மட்டும் விடியற்காலை வார்விக் மார்க்கெட். தலைமுறை தலைமுறையாக நம் தோட்டக்காரர்கள் கொண்டுவந்து விற்ற இடம், அங்கே அத்தையை ஏமாற்ற ஆள் பிறக்கவில்லை. கடைசியாக ஒன்று கேட்பார் பாருங்கள், அதுதான் விஷயம்: "பிரிக்காத எண்ணெய் டின் மிச்சம் இருந்தா திருப்பி எடுத்துக்குவியாப்பா?" இதை எங்கள் ஒப்பந்தங்களில் சேர்க்க எனக்கு மூன்று வருஷம் ஆயிற்று.

அத்தை செய்ததைத்தான் நாங்கள் ஜெனரேட்டர் பராமரிப்பில் செய்தோம். ஒவ்வொரு புலமும் தனித்தனி ஒப்பந்தம் வைத்திருந்தது. ஒரே கம்பெனியிடம் நான்கு புலம், நான்கு விலை! ஒன்றாக்கினோம். நாட்டின் 26 அரசுப் பல்கலைக்கழகங்களும் தனித்தனியே பேரம் பேசினால் யாருக்கு லாபம்? அதற்காகத்தானே கூட்டாக வாங்க பர்கோ அமைப்பு இருக்கிறது, ஆய்விதழ்களுக்கு நூலகங்களின் கூட்டமைப்பு இருக்கிறது. ஆளுக்கொரு கிரெடிட் கார்டு கொடுத்தால் மறுபடியும் ஆளுக்கொரு பாக்கி வண்டிதான் அண்ணே.

இப்போது கமெண்டில் வரப்போவது தெரியும். "ஆன்லைன்ல பாதி விலைக்குக் கிடைக்குது" என்று ஸ்க்ரீன்ஷாட் வரும். அந்த விலையில் கப்பல் கூலி இல்லை, சுங்கம் இல்லை, 15 சதவீத வாட் வரி இல்லை. கல்விச் சேவைக்கு வாட் விலக்கு உண்டு, கேட்க நன்றாகத்தான் இருக்கும். அந்த விலக்கினாலேயேதான் பாடம் நடத்த வாங்குகிற பொருளுக்கு நாம் கட்டிய வாட்டைத் திரும்பக் கேட்க முடியாது. ஒரு கடைக்காரர் கேட்டு வாங்கிக்கொள்வார், நாம் முழுங்கிக்கொள்கிறோம்.

"தாமதம்" என்பீர்கள். சரி, ஒத்துக்கொள்கிறேன். இரண்டு வருஷம் முன்பு ஒரு முதுகலை மாணவி என் மேஜை முன்னால் நின்று அழுதாள். இரண்டு வாரத்தில் வரவேண்டிய ரசாயனம் ஏழு வாரம் ஆயிற்று. மூன்று கையெழுத்தில் ஒன்று என் மேலதிகாரியுடையது. அவர் விடுப்பில் போனபோது அதிகாரத்தை யாருக்கும் மாற்றிவிடவில்லை. அது எங்கள் தப்புதான். அவள் செல்கள் செத்துப்போயின, பரிசோதனையை மறுபடி ஆரம்பித்தாள். அதற்குப் பிறகு சின்னத் தொகைகளுக்கு ஒரே கையெழுத்து போதும் என்று நானே எழுதிக் கொடுத்தேன், நாலு மாதம் அலைந்து வாங்கினேன். ஆனால் ஒன்று, அந்த ஏழு வாரத்தில் முதல் மூன்று வாரம் படிவம் எங்கே இருந்தது தெரியுமா? அவளுடைய வழிகாட்டியின் மெயிலில், திறக்கப்படாமல். இதை அன்றைக்கு அவளிடம் நான் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்லிவிட்டேன், மன்னிக்கணும்.

"டெண்டர்னாலே திருட்டுதானே" என்று ஒரு தம்பி ஏற்கெனவே எழுதிவிட்டார், சிரிக்கும் பொம்மையோடு. தம்பி, நீதிபதி ஸோண்டோவின் ஊழல் விசாரணைக் கமிஷன் முன் வந்த கதைகள் எல்லாம் எனக்கும் தெரியும். திருடர்கள் இருக்கிறார்கள், தடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் 2022இல் ஃபோர்ட் ஹேர் பல்கலைக்கழகத்தின் வாகனப் பிரிவு மேலாளரைச் சுட்டுக் கொன்றார்கள். 2023 ஜனவரியில் அங்கே துணைவேந்தரின் மெய்க்காவலரைக் கொன்றார்கள். மண்டேலா படித்த பல்கலைக்கழகம் அது. அதற்கும் முன்னால், 2021 ஆகஸ்டில், கவுட்டெங் மாகாண சுகாதாரத் துறையில் சந்தேகத்துக்குரிய பட்டுவாடாக்களைச் சுட்டிக்காட்டிய அதிகாரி பபிதா தேவ்கரனை அவர் வீட்டு வாசலிலேயே சுட்டார்கள். மகளைப் பள்ளியில் விட்டுவிட்டுத் திரும்பி வந்த காலை. பில்லைப் பார்த்து "இது சரியில்லையே" என்று சொன்னதற்கு இந்த நாட்டில் அதுதான் கூலி. அந்தச் செய்தி வந்த வாரம் என் கணவர் தினமும் பார்க்கிங் வரை வந்து என்னைக் கூட்டிப்போனார். நீங்கள் சிரிக்கும் பொம்மை போடுங்கள், பரவாயில்லை.

கணக்குச் சரியில்லை என்றால் சத்தம் போடாதவர்களைத்தான் முதலில் வெட்டுவார்கள். 1961இல் இந்தியர்களுக்கென்று டர்பன் துறைமுகத்துச் சாலிஸ்பரி தீவில் கல்லூரி தொடங்கினார்கள். என் கணவரின் பெரியப்பா படகில் போய்ப் படித்தவர். அதுதான் பிறகு டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகம் ஆயிற்று, 2004இல் நேட்டால் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. அங்கே தமிழ் ஒரு பாடமாக இருந்தது. இன்றைக்கு இந்த ஊரில் என் மகள் தமிழில் பட்டம் வாங்க நினைத்தால் வழியில்லை. பர்ச்சேஸுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். தெரியவில்லை. அந்தக் கைதட்டலைக் கேட்டபோது பெரியப்பா ஞாபகம்தான் வந்தது.

டர்பன் பக்கத்து உம்லாசியிலிருந்து துப்புரவுப் பொருள் கொண்டுவரும் ஒரு அம்மா இருக்கிறார். முப்பது நாளில் தரவேண்டிய பணத்தை நாங்கள் தொண்ணூறு நாளில் தந்தோம். அடுத்த முறை அவர் விலையை ஏற்றினார். ஏன் என்று கேட்டேன். "அந்த இரண்டு மாதம் நான் வட்டிக்கு வாங்கினேன் மகளே" என்றார். இப்போது அவர் பில்லை நானே கையில் எடுத்துக்கொண்டு நிதிப் பிரிவுக்கு நடக்கிறேன். விலையைப் பழையபடி இறக்கிவிட்டார். இது எந்தப் பட்ஜெட் கூட்டத்திலும் ஸ்லைடாக வராது, யாரும் கை தட்டவும் மாட்டார்கள்.

பேராசிரியர் அண்ணன் மேல் எனக்கு மரியாதை உண்டு. என் மகளின் அரங்கேற்றத்துக்கு முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தவர். அடுத்த பட்ஜெட் கூட்டத்தில் எனக்கும் மேஜையில் ஒரு நாற்காலி போடச் சொல்லுங்கள் அண்ணே, மூன்றாவது வரிசை வேண்டாம். திங்கட்கிழமை காலை உங்கள் புதுக் கருவிக்கான படிவம் "மிக அவசரம்" என்று வந்திருந்தது. கதவு அகலம் கேட்டுப் பதில் போட்டிருக்கிறேன்.

மற்றவர்களுக்கு: தயவுசெய்து அந்த வீடியோவை மறுபடி எனக்கு அனுப்பாதீர்கள். ஏற்கெனவே ஒன்பது பேர் அனுப்பிவிட்டீர்கள்.