கிம் ஜுன்சு டிவியில் பாட எந்த நீதிமன்றமும் தடை போடவில்லை

"தென்கொரியப் பாடகர் குழுவான டிவிஎக்ஸ்கியூவிலிருந்து விலகிய கிம் ஜுன்சு ஒப்பந்தத்தை மீறினார், அதனால்தான் நீதிமன்றம் அவரை டிவியில் பாடத் தடை செய்தது" என்று கே-பாப் (கொரிய பாப் இசை) ரசிகர்களிடையே ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு. நடந்தது நேர் எதிர்.

2009 ஜூலையில் அந்தக் குழுவின் ஜுன்சு, ஜேஜுங், யூச்சுன் மூவரும் குழுவை நடத்திவந்த எஸ்எம் என்டர்டெயின்மென்ட் (எஸ்எம்) நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டார்கள். 13 வருட ஒப்பந்தம் என்பதுதான் முக்கியப் புகார். அந்த அக்டோபரிலேயே சியோல் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. அவர்கள் தனியாகத் தொழில் செய்வதை எஸ்எம் தடுக்கக் கூடாது என்றது அது. ஆக, கட்டுப்பாடு வந்தது நிறுவனத்துக்குத்தான், பாடகர்களுக்கு அல்ல.

சரி, அப்படியானால் டிவியில் ஏன் வரவில்லை? 2010இல் மூவரும் ஜேஒய்ஜே என்ற பெயரில் ஆல்பம் கொண்டுவந்தபோது, கேளிக்கைத் துறைக் கூட்டமைப்பு ஒன்று ஒளிபரப்பு நிறுவனங்களுக்குக் கடிதம் அனுப்பி, அவர்களுக்கு இடம் கொடுக்க வேண்டாம் என்று கேட்டது. 2013இல் தென்கொரிய நியாய வர்த்தக ஆணையம் இதை விசாரித்து, தொழிலில் குறுக்கிடுவதை நிறுத்துமாறு எஸ்எம்முக்கும் அந்தக் கூட்டமைப்புக்கும் உத்தரவிட்டது. வழக்கோ 2012 நவம்பரிலேயே சமரசத்தில் முடிந்திருந்தது.

ஜுன்சு 2012இல் தனி ஆல்பம் வெளியிட்டார், இசை நாடகங்களில் அரங்கை நிறைத்தார். அப்படியும் டிவி இசை நிகழ்ச்சி ஒன்றில் பாட 2015 ஏப்ரல் வரை, ஏறக்குறைய ஆறு வருடம், காத்திருந்தார். அது ஈபிஎஸ் கல்வி சேனலின் சின்ன அரங்கு. பாடும்போதே அழுதுவிட்டார். தப்பு செய்து தண்டனை அனுபவித்தவர் என்று அவரைச் சொல்வது பெரிய அநியாயம். அதே ஆண்டு நவம்பரில், காரணமில்லாமல் கலைஞர்களை ஒதுக்குவதைத் தடுக்க ஒளிபரப்புச் சட்டமே திருத்தப்பட்டது. கொரியாவில் அதை இன்றும் 'ஜேஒய்ஜே சட்டம்' என்றுதான் சொல்கிறார்கள்.