ஈரப்பதம் முதல் நாளிலிருந்தே 70 சதவீதம் வேண்டுமா?

"முட்டை ஓட்டுக்குள்ளேயே குஞ்சு சாவதற்குக் காரணம் வறட்சி, அதனால் முதல் நாளிலிருந்தே இன்குபேட்டரில் (முட்டை பொரிக்கும் பெட்டியில்) ஈரப்பதத்தை 70 சதவீதத்துக்கு மேல் வையுங்கள்" என்று ஒரு கருத்து இருக்கிறது. கடைசி மூன்று நாளுக்கு அது கிட்டத்தட்ட சரி. முழு 21 நாளுக்கும் சரியல்ல.

கோழி முட்டை 18 நாளுக்குள் தன் எடையில் ஏறத்தாழ 12, 13 சதவீதத்தை நீராவியாக இழக்க வேண்டும். அந்த இழப்பால்தான் அகன்ற முனையில் காற்றறை விரிகிறது. ஓட்டை உடைக்கும் முன் குஞ்சு முதல் மூச்சை அங்கேதான் இழுக்கிறது. ஈரம் மிகுந்தால் காற்றறை சிறுத்துவிடும், வளர்ந்த குஞ்சும் மூச்சு முட்டிச் செத்துப்போகும். ஆகவே பொதுவாக 18 நாள் வரை 45 முதல் 55, அப்புறம் 65 முதல் 70 சதவீதம் வைப்பார்கள்.

இதை நீங்களே சோதிக்கலாம், ஒரு சமையலறைத் தராசு போதும். முட்டையை வைக்கும் நாளில் எடை குறித்துக்கொள்ளுங்கள். 60 கிராம் முட்டை 9ஆம் நாளில் சுமார் 3.5 முதல் 4 கிராம், 18ஆம் நாளில் 7 முதல் 8 கிராம் குறைந்திருக்க வேண்டும். குறைவு போதவில்லை என்றால் ஈரம் அதிகம். சிறிய வாயுள்ள தண்ணீர்த் தட்டுக்கு மாற்றுங்கள். (தண்ணீரின் ஆழம் பொருட்டல்ல, பரப்புதான் கணக்கு.) ஈரப்பதமானி காட்டும் எண்ணைவிட நான் இந்த எடையைத்தான் நம்புவேன். மலிவான மானிகள் பல சதவீதம் தவறாகக் காட்டும்.

பொரிக்காத முட்டைகளைத் தூக்கிப் போடுமுன் தயவுசெய்து ஒன்றிரண்டை உடைத்துப் பாருங்கள். காற்றறை சிறிதாக, குஞ்சு வீங்கி நீர் கோத்திருந்தால் அது செத்ததற்குக் காரணம் வறட்சியாக இருக்க வாய்ப்பில்லை.