'சர்க்கரை சேர்க்கப்படவில்லை' என்றால் சர்க்கரையே இல்லை என்று பொருளல்ல

"சர்க்கரை சேர்க்கப்படவில்லை என்று அச்சிட்ட பழச்சாற்றைச் சர்க்கரை நோயாளிகள் பயமின்றிக் குடிக்கலாம், எச்சரிக்கை முத்திரையால் எந்த நாட்டிலும் பலனில்லை" என்று மேலே ஓர் ஐயா எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு. முதலாவது ஆபத்தும்கூட.

கொடைக்கானல் ஏரிச்சாலையில் கடை நடத்துகிறேன். அந்த வாசகத்தை நம்பி முதியவர்கள் பெட்டிச் சாறு கேட்கும்போதெல்லாம் பெட்டியைத் திருப்பிக் காட்டுகிறேன். பின்பக்க அட்டவணையில் 'சேர்க்கப்பட்ட சர்க்கரை' சுழியமாக இருக்கலாம். அதற்கு மேல்வரியில் உள்ள 'மொத்தச் சர்க்கரை'யைப் பாருங்கள். அதுவும் பெரும்பாலும் 100 மில்லிக்கான கணக்கு. அங்கே 11 கிராம் என்றிருந்தால், 200 மில்லி பெட்டியில் 22 கிராம், அதாவது ஐந்து தேக்கரண்டிக்கும் மேல். பழச்சாற்றில் உள்ள இயற்கைச் சர்க்கரையையும் குறைக்க வேண்டிய சர்க்கரையாகவே உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. நம் மலையின் பிளம்ஸ் பழத்தைக் கடித்துத் தின்பது வேறு: அதில் நார் இருக்கிறது, ஒன்றிரண்டிலேயே வயிறும் போதும் என்கிறது.

முத்திரை விஷயத்துக்கு வருகிறேன். சிலி நாட்டில் 2016 முதல் சர்க்கரை மிகுந்த பானங்களில் கறுப்பு எண்கோண முத்திரை கட்டாயம். அதன்பின் அத்தகைய பானங்களை மக்கள் வாங்குவது ஏறத்தாழ 24 சதவீதம் குறைந்ததாக 2020இல் வெளியான ஆய்வு காட்டியது. குழந்தைகளைக் குறிவைக்கும் விளம்பரத்துக்கும் பள்ளி விற்பனைக்கும் அதே சட்டம் தடை போட்டதால், முழுப் பெருமையும் முத்திரைக்கு மட்டும் உரியதல்ல. ஆனால் பலனே இல்லை என்பது உண்மைக்கு மாறானது. ஐயா, அந்தப் பதிவைத் தயவுசெய்து திருத்திவிடுங்கள்.